ஹோல்டான் அண்ணாச்சியின் எக்ஸ்பிரஸ்

தண்ணீர் இல்லாத குளத்துக்குள் நின்று பஸ் விட்ட மனிதர், நான் அலைந்து திரிந்த ஊர்களிலேயே ஹோல்டான் அண்ணாச்சி ஒருவர்தான். அதிலும் பஸ் இல்லாமலே விட்டார்.

ஆரல்வாய்மொழி செங்கல் சூளையை விட்டு நான் நடந்துகொண்டிருந்த காலை அது. மேஸ்திரிக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. நெஞ்சில் புகை கட்டி, இருமலும் நிற்கவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து என் பிழைப்பு இப்படித்தான். ரப்பர் எஸ்டேட், பரோட்டாக்கடை, கல் குவாரி என்று எங்கேயும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தங்கியதில்லை. தோளில் ஒரு பை, காலில் வார் அறுந்த செருப்பு. சுசீந்திரம் பக்கம் நடவு வேலை கிடைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, ஒரு குளத்தங்கரை வழியாகப் போய்க்கொண்டிருந்தேன்.

குளத்துக்குள்ளிருந்து "ஹோல்டான்!" என்று ஒரு கத்தல் கேட்டது. பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கண்டக்டர்கள் போடுகிற அதே கத்தல். என் கால் தானாக நின்றுவிட்டது. அடுத்து இரண்டு விசில். "ரைட்! போலாம்!"

எட்டிப் பார்த்தேன். வெடித்துக் கிடந்த சேற்றின் நடுவே காக்கிச் சட்டையும் கட்டம்போட்ட சாரமுமாக ஒரு பெரியவர். கழுத்தில் விசில். அவருக்கு எதிரே ஒரு குதிரை. அதைக் குதிரை என்று சொன்னால் மற்ற குதிரைகள் வருத்தப்படும். ஏணிக்கு மேல் அழுக்கு வெள்ளைத் துணியைப் போர்த்தியது போல விலா தெரிந்தது. குளம்புகள் வெட்டாமல் வளர்ந்து, முனை மேலே சுருண்டு, நாடக ராஜாவின் செருப்பு மாதிரி இருந்தன. கடிவாளம் அறுத்த வாயோரத்தில் ஈ மொய்த்தது. இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருந்தது.

கரையில் சாயாக்கடைக்காரர் ஒருவர் கையில் தம்ளரோடு நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன நடக்கு?" என்று கேட்டேன்.

"கன்னியாகுமரிக் கடக்கரையில சவாரி அடிச்ச குதிரை. கண்ணு போச்சா, சொந்தக்காரன் லோடு வண்டியில கொண்டாந்து இதுக்குள்ள எறக்கி விட்டுட்டுப் போயிட்டான். இவரு ரிட்டயர்டு கண்டக்டரு. அதக் கரையேத்தணும்னு ஒரு வாரமா குதிரைக்கு பஸ் பாடம் எடுக்காரு."

"கிறுக்கா?"

"கிறுக்கு முந்தியே உண்டு. இப்பம் குதிரையும் சேந்துட்டு."

முந்தியே உண்டு என்பது உண்மைதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கல்யாண வீட்டுப் பந்தியில் வாசலை அடைத்து நின்ற கூட்டத்தை, "முன்னால போ, முன்னால போ, உள்ள எடம் கெடக்கு" என்று நெட்டித் தள்ளியவர் அவர். பஸ்ஸில் ஏறினால் சீட் காலியாக இருந்தாலும் உட்காரமாட்டார். சொந்தப் பெரியப்பாவைச் சுடுகாட்டுக்கு ஏற்றிய வண்டியின் பின்புறத்தை இரண்டு தட்டுத் தட்டி, கண்ணீரோடு "ரைட், போலாம்" என்று அனுப்பிவைத்தவர். ஊர் அவருக்கு ஹோல்டான் என்று பெயர் வைத்ததில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை, அவருக்கும் கூட.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே கரைமேல் சைக்கிளில் வந்த ஒருவர் சத்தம் போட்டார்: "வே ஹோல்டான்! சானல்ல தண்ணி வந்தாச்சு, மடையத் தொறந்துட்டான்! கேறி வாரும்!"

கன்னிப்பூ என்கிற முதல் போக நடவுக்கு அணைக்கட்டிலிருந்து சானல் வாய்க்காலில் விட்ட தண்ணீர். குளத்தின் அந்தக் கோடியில் சேற்று வெடிப்புகளை நிரப்பிக்கொண்டு பளபளவென்று வந்துகொண்டிருந்தது. சாயாக்கடைக்காரர் தம்ளரைக் கீழே வைத்தார்.

அண்ணாச்சி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஏ மக்கா, கரைமேல நிக்கவனே! உனக்கு என்ன சோலி?"

"சோலி தேடித்தான் போறேன்."

"அப்பம் எறங்கு. கயிறப் பிடி. இழுக்கப்பிடாது, கேட்டியா? இழுத்தா பின்னால சாஞ்சு விழும். கால் ஒண்ணு ஒடிஞ்சா தீந்துது. குதிரைக்கு மாவுக்கட்டெல்லாம் நிக்காது, ஊசி போட்டு ஒறங்க வைக்கதுதான்னு மாட்டு டாக்டரம்மா சொல்லியாச்சு."

இறங்கினேன். கயிற்றைத் தொட்டதுமே குதிரையின் நடுக்கம் என் கைக்கு ஏறியது. அண்ணாச்சி இரண்டு விசில் கொடுத்தார். குதிரை ஓர் அடி வைத்தது. உடனே வாயில் ஒரு துண்டு கருப்பட்டி. ஒற்றை விசில், நின்றது. மறுபடி இரண்டு, மறுபடி ஓர் அடி. தண்ணீர் எங்களை விட வேகமாக வந்தது.

"ஓட்டிட்டுப் போயிரலாமே?" என்றேன்.

"எங்கன்னு அது ஓடும்? நான் முப்பது வருசம் பஸ்சுக்குள்ள பின்னால பாத்து நின்னு டிக்கெட் கிழிச்சவன். முன்னால குழியா மேடா, எனக்கு எங்க தெரியும்? டிரைவரு பிரேக் போட்டா விழுவேன். நான் விசிலடிச்சு வண்டி நின்னா விழமாட்டேன். நிக்கப்போகுன்னு முந்தியே தெரியுமில்லா? டாக்டரம்மா சொல்லுகதும் அதான். தொடுகதுக்கு முந்திச் சொல்லு, நடத்துகதுக்கு முந்திச் சொல்லு."

தண்ணீர் குதிரையின் பின்னங்காலைத் தொட்டது. பார்க்காத ஒன்று காலை நக்கினால் யாருக்குத்தான் பொறுக்கும்? காதுகள் பின்னால் மடிந்தன, உடம்பு முழுக்க ஒரு துள்ளல் கிளம்பியது. கயிறு என் உள்ளங்கையை உரித்துக்கொண்டு ஓடியது. அண்ணாச்சி நீளமாக ஒற்றை விசில் அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தார், அவர் கழுத்து நரம்பு புடைத்து நின்றது. குதிரை நின்றது. தண்ணீர் கணுக்காலுக்கு ஏறியும் நின்றது. அந்த ஒற்றை விசிலைத் தவிர அதற்கு உலகத்தில் நம்புவதற்கு எதுவும் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

மாடுகள் இறங்கி ஏறுகிற சரிவை எட்டிவிட்டோம். சமதரையில் நடந்து பழகிய குதிரையின் கால் சரிவில் இடித்து, பின்வாங்கியது. மறுபடி இடித்தது. முழங்காலளவுத் தண்ணீரில் அண்ணாச்சி குனிந்து, அதன் முன்னங்காலைத் தூக்கிச் சரிவில் வைத்தார். மற்றதையும் வைத்தார். பிறகு ஆயுசு முழுக்கக் கத்திய கத்தலைக் கத்தினார்:

"படியில நிக்காத! உள்ள ஏறு! உள்ள எடம் கெடக்கு, ஏறு!"

ஏறியது. கரையில் நின்றவர்கள் கை தட்டப் போனார்கள். அண்ணாச்சி முறைத்த முறைப்பில் கைகள் பாதியில் நின்றன.

அவர் வீட்டுத் தொழுவத்தில் பசு விற்றுப்போய் இடம் காலியாக இருந்தது. குதிரையை அங்கே விட்டார். பரணில் என்னைப் படுக்கச் சொன்னார். "எக்ஸ்பிரஸ்" என்று அதற்குப் பெயர் வைத்தார். மாவட்டத்திலேயே மெதுவாக நடக்கிற பிராணி அது. அவர் வீட்டுக்காரி, எனக்கு மைனி, அதாவது அண்ணி, தலையில் அடித்துக்கொண்டாள். "பேரன் வந்தா கட்டில் போட எடம் இல்ல. குதிரைக்கு உண்டு, குதிரைய மேய்க்கவனுக்கும் உண்டு" என்றாள். சொல்லிக்கொண்டே என் இலையில் சோறு வைத்தாள்.

நாகர்கோவிலிலிருந்து ஸ்கூட்டரில் வருகிற கால்நடை டாக்டரம்மா பொறுமைசாலி. புண்ணைக் கழுவி மருந்து போட்டார். குளம்பை ஒரே நாளில் வெட்டாமல், வாராவாரம் கொஞ்சமாகச் சீவ ஆள் அனுப்பினார். தீவனத்தில்தான் அண்ணாச்சிக்கும் அவருக்கும் சண்டை. பட்டினி கிடந்த பிள்ளைக்கு விருந்து போட அண்ணாச்சிக்குக் கை துறுதுறுத்தது.

"ஒரேயடியா கொட்டினா வயித்துவலியிலேயே செத்துரும், சார். கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி. தண்ணித் தொட்டிய எடம் மாத்தாதீங்க. அதுக்கு இந்தத் தொழுவம்தான் உலகம். உலகத்த மாத்தி வைக்காதீங்க."

"சரி டாக்டர்" என்றார் அண்ணாச்சி. அவர் சரி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. நம்மைப் போல் 'ரைட்டு' என்று சொல்லிவிடக்கூடாதே.

வினை அந்த வார்த்தையில்தான் இருந்தது. அண்ணாச்சி அகராதியில் ரைட் என்றால் புறப்படு. எக்ஸ்பிரசும் அப்படித்தான் படித்திருந்தது. ஆனால் நம் நாட்டில் யார் வாயில் அந்த வார்த்தை இல்லை? மைனி ஒருநாள், "ரைட்டு, சோறு போடட்டுமா?" என்று அடுக்களையிலிருந்து கேட்டாள். எக்ஸ்பிரஸ் கொடியில் காய்ந்த துணியெல்லாம் தலையில் மாட்டிக்கொண்டு வந்து நின்றது. வளைகுடாவில் இருக்கும் மகன் போனில் ஸ்பீக்கர் வழியாக, "ஆல் ரைட்டுப்பா, வைக்கேன்" என்றான். அவன் வைத்தான்; எக்ஸ்பிரஸ் கிளம்பியது. கிணற்றடிக்கு ஒரு சாண் இருக்கும்போது அண்ணாச்சியின் ஒற்றை விசில் அதைப் பிடித்து நிறுத்தியது. அன்று அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

மறுநாள் வாசலில் ஒரு பலகை தொங்கியது: 'இந்த வளவுக்குள் அந்த வார்த்தையைச் சொல்லக்கூடாது.' எந்த வார்த்தை என்று எழுதவில்லை, எழுதினால் வாசிப்பார்களே. விளைவு, வந்தவர் எல்லாரும் கேட்டைப் பிடித்துக்கொண்டு வார்த்தைகளை ஊகித்துச் சொல்ல ஆரம்பித்தார்கள். பால்காரர் சொன்ன சில வார்த்தைகளை மைனி காதைப் பொத்திக்கொண்டு கேட்டாள். கடைசியில் ரகசியத்தைக் காதில் சொன்னதும், "ஓ, இதானா? ரைட்டு ரைட்டு" என்றார் பால்காரர். கேன் உருண்டது.

ஆனாலும் எக்ஸ்பிரஸ் தேறியது. விலா மூடியது. மைனியின் காலடி கேட்டால் கனைத்தது. அவளும் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து அதன் நெற்றியைச் சொறிந்துவிட்டாள். தினமும் நடத்தினால்தான் கால் பலப்படும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால், சாயங்காலம்தோறும் சானல் கரையில் ஒரு நடை.

எனக்குத்தான் கால் அரித்தது. நான் போய்வந்த வயல் வேலையும் அறுவடையோடு முடிந்துவிட்டது. முட்டம் பக்கம் ஐஸ் பேக்டரியில் நாளை வந்து சேர்கிறேன் என்று ஆள் மூலம் சொல்லியனுப்பிவிட்டு, கடைசியாக ஒருமுறை அவர்களோடு நடக்கப் போனேன்.

சானலில் தண்ணீர் கரை முட்ட ஓடியது. குறுக்கே ஒரு சின்னப் பாலம்; ஒருபக்கக் கைப்பிடிச் சுவர் இடிந்து விழுந்து நாளாகிவிட்டது. பாதிப் பாலத்தில் இருக்கும்போது பின்னாலிருந்து மினிபஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு வந்து உரசிக்கொண்டு போனது. எக்ஸ்பிரஸ் மிரண்டு பக்கவாட்டில் திரும்பிவிட்டது. ஒற்றை விசில். நின்றது. ஆனால் அதன் முகம் இப்போது இடிந்த பக்கத்தைப் பார்த்திருந்தது. முன்னால் இரண்டடித் தரை, அதற்கப்புறம் சானல்.

மினிபஸ் பாலத்தைத் தாண்டியதும் நின்று ஆள் இறக்கியது. அதன் கண்டக்டர் இளைஞர். இரண்டு விசில் அடித்தார்.

எக்ஸ்பிரஸ் ஓர் அடி வைத்தது.

அண்ணாச்சி ஒற்றை விசில் அடித்தார். குதிரை நின்றது. புறப்பட்ட மினிபஸ்ஸும் சடன் பிரேக் போட்டு நின்றது. உள்ளே நின்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள்.

"எவம்லே விசிலடிச்சது?" என்று டிரைவர் தலையை வெளியே நீட்டினார். கண்டக்டர் உள்ளே பார்த்தார், யாரும் இறங்கவில்லை. மறுபடி இரண்டு விசில். பஸ் நகர்ந்தது. குதிரையும் நகர்ந்தது. அண்ணாச்சி ஒற்றை விசில். இரண்டும் நின்றன. நான் கயிற்றில் முழு எடையையும் போட்டுத் தொங்கினேன். குதிரை ஒரு முடிவெடுத்துவிட்டால் கயிறு வெறும் கயிறுதான்.

அண்ணாச்சி பாய்ந்து போய்க் குதிரைக்கும் சானலுக்கும் நடுவில் நின்றார். குதிகால் இரண்டும் பாலத்துக்கு வெளியே இருந்தன. கத்துவதற்கு வாயைத் திறந்ததும், கழுத்துக் கயிறு நைந்து போயிருந்த விசில் நழுவித் தண்ணீரில் விழுந்தது.

"தம்பீ! விசிலடிக்காதப்பா! கண்ணு தெரியாத குதிரை! உன் விசிலுக்கு இது நடக்கும்!"

அந்த இளைஞர் நல்லவர்தான். விஷயம் சட்டென்று புரிந்துவிட்டது. பதறிப்போய்ப் படியில் நின்று கையை உயர்த்தி, மனதாரச் சொன்னார்: "ரைட்டு பெரியவரே, ரைட்டு!"

எக்ஸ்பிரஸின் முன்னங்கால் விளிம்பில் பட்டது. செங்கல் ஒன்று பெயர்ந்து தண்ணீரில் விழுந்தது. அதன் நெஞ்சு அண்ணாச்சியின் நெஞ்சில் முட்டியது. அவர் பின்னால் சாய்ந்தார். குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டதால் விழவில்லை. அதாவது, எது எதைப் பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது.

"யாரும் வாயத் திறக்காதீங்க!" என்று நான் அலறினேன்.

டிரைவர் இன்ஜினை அணைத்தார். பஸ்ஸுக்குள் மீன்கூடையோடு நின்ற ஒரு அம்மா, பக்கத்தில் நின்றவர் வாயைத் தன் கையாலேயே பொத்தினாள். கண்டக்டர் இரண்டு கையாலும் தன் வாயை மூடிக்கொண்டார். ஒரு பஸ் நிறைய ஆள்; தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

அண்ணாச்சி எக்ஸ்பிரசுக்கு ரிவர்ஸ் சொல்லிக்கொடுக்கவே இல்லை. தன் முப்பது வருஷத்தில் பஸ் ஸ்டாண்டு தவிர எங்கும் வண்டி பின்னால் போகக்கூடாது என்பது அவர் கொள்கை. இப்போது உள்ளங்கையை மெதுவாக அதன் நெஞ்சில் வைத்தார். டாக்டரம்மா செய்து காட்டியது போல லேசாக அழுத்தி, விட்டார். அழுத்தி, விட்டார். நான் அவரிடமிருந்து அதுவரை கேட்டிராத ஒரு சின்னக் குரலில், "பைய... பைய மக்கா... பயப்படாத, நான் நிக்கேன்லா" என்றார்.

காதுகள் முன்னால் வந்தன. முன்னங்கால் விளிம்பை விட்டு எழுந்து, பின்னால் ஊன்றியது. இன்னோர் அடி. இன்னும் ஒன்று. பாலத்தின் நடுவுக்கு வந்தபோதுதான் நான் கயிற்றைத் தளர்த்தினேன்.

மினிபஸ் எப்படிப் போனது தெரியுமா? கண்டக்டர் பூனை மாதிரி நடந்து டிரைவர் ஜன்னலுக்குப் போய், காதோடு காதாகச் சொல்லிவிட்டு வந்து ஏறிக்கொண்டார். ஒரு மினிபஸ் ரகசியமாகப் புறப்பட்டதை நான் அன்றுதான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து அண்ணாச்சி தொழுவத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மைனி சாயா கொண்டுவந்து வைத்தாள். தொடவில்லை.

"புது விசில் ஒண்ணு வாங்கினாப் போச்சு. இதுக்கு ஏன் இப்படி வெப்ராளப்படுகிய?" என்றாள்.

"விசில் வேண்டாம். விசிலு ஊரெல்லாம் கெடக்கு. அந்த வார்த்தையும் ஊரெல்லாம் கெடக்கு. சவம், நானே படிச்சுக்குடுத்து நானே கொல்லப் பாத்தேன். ரோட்டுல எவனும் சொல்லாத ஒரு சொல்லு வேணும்."

யோசித்தோம். சாமி பெயர் ஒன்று சொன்னேன். "சுசீந்திரத்துல அந்தப் பேர்ல தெருவுக்கு அஞ்சு பேரு உண்டும். ஒருத்தன் ஒருத்தனக் கூப்பிட்டா இது நடந்து போயிரும்" என்றார். பழத்தின் பெயர் சொன்னேன். தள்ளுவண்டிக்காரன் சத்தம் போடுவான் என்றார். ஹோல்டான் என்பதையே வைத்தால் என்ன என்றேன். ஒரு நாளைக்கு ஊரில் எத்தனை பேர் தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று யோசித்துப் பார்க்கச் சொன்னார்.

மைனி தொழுவத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஒண்ணு இருக்கு" என்றாள். "ஊர்ல எவனும் சொல்லமாட்டான். நானும் சொல்லப்பிடாது."

"அது என்னட்டி அப்படி ஒரு சொல்லு?"

"உங்க பேரு."

அண்ணாச்சி அவளையே பார்த்தார். தன் பெயரை நினைவுபடுத்திக்கொள்கிற மாதிரி இருந்தது. பிறகு எழுந்து குதிரைக்கு முன்னால் போய் நின்று, தொண்டையைச் செருமினார். நாகர்கோவிலில் கத்தினால் கன்னியாகுமரியில் கேட்கிற தொண்டை. காற்றுதான் வந்தது. இன்னொரு முறை முயன்று பார்த்தார்.

"வரமாட்டேங்குகு, மக்கா. தன் பேரத் தானே எப்படிக் கூப்பிடுகது? வெக்கமா இருக்குலா."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை நான் முட்டத்துக்குப் போகவில்லை. கையில் கருப்பட்டியோடு எக்ஸ்பிரசுக்கு முன்னால் நின்று, என் அப்பா வயசுக்காரரை, அண்ணாச்சி என்று ஒட்டுப் போடாமல், மொட்டையாகப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வேலையை ஏற்றுக்கொண்டேன். இதுவரை பார்த்த வேலைகளிலேயே நாக்கு கூசிய வேலை அது ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டு கூப்பிட்டேன்.

குதிரை அசையவில்லை. பின்னால் நின்றிருந்த அண்ணாச்சி, "என்னா மக்கா?" என்று தன்னையறியாமல் ஓர் அடி முன்னால் வந்தார். அவர் காலடியைக் கேட்டு எக்ஸ்பிரசும் ஓர் அடி வைத்தது. கருப்பட்டியை உடைத்து இரண்டு பேருக்கும் கொடுத்தேன்.

அது என்ன பெயர் என்று இங்கே எழுதமாட்டேன். உங்களில் யாராவது அதை வாய்விட்டு வாசிக்க, பக்கத்தில் எங்காவது எக்ஸ்பிரஸ் நின்றிருந்தால், உங்களையும் நம்பி ஓர் அடி எடுத்து வைத்துவிடும்.